பழைய ஜெர்மானிய பைனாகுலர்: பொறிப்பைப் படித்து வாங்குவது எப்படி?

புதுதில்லி: பழம்பொருள் சந்தைகளில் ஜெர்மானிய பைனாகுலர் வாங்க விரும்புவோர், விலை பேசும் முன் அதன் உடற்பகுதியில் உள்ள பொறிப்பைப் படிப்பது நல்லது.

எர்ன்ஸ்ட் அபே வடிவமைத்த பட்டக பைனாகுலரை, ஜெனா நகரின் கார்ல் சைஸ் நிறுவனம் 1894-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவக் கருவிகள் பலவற்றில் நிறுவனப் பெயருக்குப் பதிலாக 'பிஎல்சி' என்ற சங்கேத எழுத்துகளே உள்ளன. போருக்குப் பின் நாட்டோடு நிறுவனமும் பிளவுபட்டது. மேற்கில் ஓபர்கோகன், கிழக்கில் ஜெனா. பெயருரிமை வழக்குகளின் விளைவாக, மேற்கு நாடுகளுக்கு அனுப்பப்பட்ட கிழக்கு ஜெர்மனித் தயாரிப்புகள் பலவற்றில் 'சைஸ்' என்ற பெயர் இராது. 'ஜெனாவிலிருந்து' எனப் பொருள்படும் 'அவுஸ் ஜெனா' மட்டுமே காணப்படும். அவற்றைப் போலி என ஒதுக்கிவிட வேண்டாம்.

இந்தியாவுக்கு ஜெனா புதிதல்ல. கிழக்கு ஜெர்மனி நம்முடன் ரூபாயிலேயே வணிகம் செய்தது. கொல்கத்தா பிர்லா கோளரங்கில் 1960-களில் நிறுவப்பட்ட வான்காட்சிக் கருவியும் ஜெனா தயாரிப்பே.

பொறிப்பு சரியாக இருந்தாலும், நமது மழைக்கால ஈரப்பதம் வில்லைகளை எளிதில் விட்டுவைப்பதில்லை. முன்வில்லை வழியே விளக்கொளியை நோக்கினால், பூஞ்சை சிலந்தி வலை போலத் தெரியும். அது கண்ணாடியை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. தொலைவிலுள்ள கம்பம் இரண்டாகத் தெரிந்தால், பெரும்பாலும் பட்டகம் இடம் பெயர்ந்திருக்கும். அதைச் சீரமைக்கும் செலவு வாங்கிய விலையையே விஞ்சக்கூடும்.