சாயவேர்ப் பயிர்

சோழமண்டலக் கரை மணலில் தானே முளைக்கும் சாயவேர்ப் பூண்டை இக்காலத்தார் களையென்று தள்ளுகின்றனர். பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை அமைத்த டச்சுக்காரர் கீழைத்தீவுகளுக்குக் கப்பலேற்றிய துணிகளுக்குச் சிவப்பூட்டியது இவ்வேரே.

நிறம் வேர்ப்பட்டையில் உளது. கடுக்காய்நீரில் தோய்த்துப் படிகாரம் ஏற்றிய துணியிலேயே அது நிலைத்துப் பற்றும். இவ்வேரிலுள்ள அலிசரின் என்னும் சாயப்பொருளை 1868-ல் ஜெர்மானிய ரசாயனிகள் கிரேபேயும் லீபர்மானும் செயற்கையாய் ஆக்கினர். பின்னர் வேருக்கு மதிப்புக் குன்றிற்று.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கங்களில் நீர் தேங்காத மணற்றிடல் உடையோர் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். விதை தூசிபோல் நுண்ணியது. மணல் கலந்தே தூவுக. வேர் முதிர ஏறக்குறைய ஈராண்டு செல்லும்; அதுவரை வரும்படி இராது. தோண்டினால் செடியும் போம். ஆதலின் விதைக்கென ஒரு பாத்தியை விட்டுவைக்க. கொள்வோரை முன்னரே உறுதிசெய்யாது இறங்குதல் நஷ்டத்துக்கு வழி. நெல்வயலை இதற்கென ஒழித்தல் சிறிதும் தகாது.