பாசுமதி குழைந்தால் பழி யார் மேல்?



மளிகைக் கடையில் விற்ற சரக்கு திரும்பி வருவதைப் போலச் சங்கடமான காரியம் வேறில்லை. பருப்பில் வண்டு, ரவையில் புழு என்றால் கண்ணுக்குத் தெரியும். மாற்றிக் கொடுத்து, வருத்தம் தெரிவித்து அனுப்பிவிடலாம். அரிசி விஷயம் அப்படியல்ல. கடையில் முத்து முத்தாக இருந்த அரிசி அடுப்பில் ஏறி இறங்கியதும் கூழாகிவிட்டது என்று ஒருவர் வந்து நின்றால், தவறு எங்கே நடந்தது என்று நமக்கே தெரிவதில்லை. பாசுமதியில் இந்தப் புகார் அதிகம். நமது கடையில் நடந்ததையே சொல்கிறோம்.

தீபாவளிக்கு முந்தின வாரம். கல்லாவைச் சுற்றிக் கூட்டம். பல வருடங்களாக நம்மிடமே மாதச் சிட்டை கொடுக்கும் ஒரு அம்மாள் இரண்டு கிலோ பாசுமதி வாங்கினார். மகளுக்கு நிச்சயம் பேச வருகிறார்கள், மதியம் பிரியாணி செய்யப் போகிறேன் என்றார். போகிற போக்கில், "தண்ணி எவ்வளவு வைக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்டார். நாமும் தராசைப் பார்த்தபடியே, "எப்பவும் சோத்துக்கு வைக்கிற மாதிரிதாம்மா" என்று சொல்லிவிட்டோம்.

திங்கட்கிழமை காலையில் மிச்சமிருந்த அரிசியைப் பையோடு கொண்டுவந்து மேஜையில் வைத்தார். சண்டை போடவில்லை. "சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி தலைகுனிவாப் போச்சு அண்ணாச்சி. பிரியாணின்னு சொல்லிப் பொங்கல் மாதிரி எடுத்து வச்சேன்" என்றார். வேறு அரிசி கொடுத்தோம். வாங்கிக் கொண்டார். ஆனால் அடுத்த மாதச் சிட்டை வரவில்லை.

மண்டிக்குப் போன் போட்டு, "அரிசி சரியில்லை, மூட்டையைத் திருப்பி அனுப்புகிறோம்" என்றோம். மண்டிக்காரர் வயதில் மூத்தவர். "மூட்டையை அனுப்புறது பெரிசில்ல தம்பி. அதுல ஒரு டம்ளர் எடுத்து வீட்ல பொங்கிப் பாத்துட்டு அனுப்புங்க" என்றார். இத்தனை வருடம் பாசுமதி விற்கிறோம். ஒரு நாளும் அதை நாமே அடுப்பில் வைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டு அடுப்பில் ஒரு சோதனை

அதே மூட்டையிலிருந்து மூன்று டம்ளர் அரிசி எடுத்தோம். மூன்று விதமாகச் சமைத்தோம்.

முதல் டம்ளரை, பொன்னிப் புழுங்கலுக்குச் செய்வது போல, ஊற வைக்காமல் குக்கரில் போட்டு, மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி, நான்கு விசில் விட்டோம். திறந்தால், அந்த அம்மாள் சொன்ன பொங்கலேதான்.

இரண்டாவது டம்ளரை, மெதுவாக மூன்று தண்ணீர் கழுவி, அரை மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்தோம். குக்கரில் ஒரு ஸ்பூன் நெய், உப்பு, ஒன்றரை டம்ளர் தண்ணீர். மிதமான தீயில் ஒரே விசில். அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும் வரை விட்டோம். திறந்தபோது பருக்கைகள் தனித்தனியாக நின்றன.

மூன்றாவது டம்ளரையும் அதேபோல் ஊற வைத்து, வடிக்கும் முறையில் செய்தோம். ஆறு டம்ளருக்குக் குறையாத தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, ஊறிய அரிசியைச் சேர்த்தோம். ஏழு நிமிடத்தில் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தால், மேலே மெத்தென்றும் நடுவில் இழை அளவுக்குக் கெட்டியாகவும் இருந்தது. உடனே வடிகட்டி, மறுபடி பாத்திரத்தில் போட்டு மூடி, மிகச் சிறு தீயில் ஐந்து நிமிடமும் தீயை அணைத்துப் பத்து நிமிடமும் வைத்தோம். மூன்றில் அதிக நீளமாக வந்தது இதுதான்.

மூட்டை ஒன்று, அரிசி ஒன்று. அரிசியில் குறையில்லை. மண்டிக்காரர் மேல் பழி போட்டது நமது தவறு. அந்த அம்மாள் மேலும் தவறில்லை. அவர் கேட்டார், நாம்தான் தவறாகச் சொல்லிவிட்டோம்.

ஏன் இப்படி ஆகிறது?

நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் புழுங்கல் அரிசிதான் தினச் சோறு. நெல்லாக இருக்கும்போதே ஊறி, அவிந்து, காய்ந்த பிறகு அரைபடுவதால் அதன் மாவுச்சத்து இறுகிப்போயிருக்கிறது. மூன்று பங்கு தண்ணீரையும் நான்கு விசிலையும் அது தாங்கும். சாதாரண பாசுமதியோ பச்சரிசி. மெல்லிய, நீண்ட மணி. அந்தத் தண்ணீரையும் நேரத்தையும் அது தாங்காது.

அரிசியின் மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. அமைலோபெக்டின் என்பது ஒட்டும் தன்மை கொடுப்பது. அமைலோஸ் என்பது பருக்கையை உதிரியாக வைப்பது. பாசுமதியில் அமைலோஸ் நடுத்தர அளவில் இருப்பதால், முறையாகச் சமைத்தால் மென்மையாகவும் உதிரியாகவும் வரும். முறை தவறினால் மேல்பகுதி கரைந்து ஒட்டிக்கொள்ளும்.

கழுவுவது எதற்கு? மூட்டையில் மணிகள் உராய்ந்து மேலே படிந்த மாவு போவதற்கு. அது போகாவிட்டால் பசையாகிவிடும். ஆனால் புழுங்கலைப் பிசைவது போல அழுத்திப் பிசைந்தால் மணி ஒடிந்துவிடும்.

ஊற வைப்பது எதற்கு? தண்ணீர் மணியின் நடுப்பகுதி வரை போய்ச் சேர. அப்படிச் சேர்ந்தால் உள்ளும் புறமும் ஒரே நேரத்தில் வேகும். மணி பக்கவாட்டில் பருக்காமல் நீளவாக்கில் விரியும். ஊறாத அரிசியில் நடுப்பகுதி வேகும் முன்பே மேல்பகுதி குழைந்துவிடுகிறது. அரை மணி நேரம் போதும். மணிக்கணக்கில் ஊறவிட்டால் கரண்டி பட்டாலே ஒடியும்.

வெந்ததும் கிளறக் கூடாது. பத்து நிமிடம் மூடி வைத்தால் ஈரம் பருக்கைக்குள் சமமாகப் பரவி, மேல்பகுதி இறுகும். பிறகு முள்கரண்டியாலோ தட்டைக் கரண்டியின் விளிம்பாலோ ஓரத்திலிருந்து மெல்லத் தூக்கிவிட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சோறு வெண்மையாக இருக்கும்.

தம் பிரியாணிக்கு முக்கால் வேக்காட்டிலேயே வடித்துவிட வேண்டும். மீதி வேக்காடு தம்மில் நடக்கும். முழுவதும் வெந்த அரிசியைத் தம்மில் போட்டால் குழையத்தான் செய்யும்.

புது அரிசியும் பழைய அரிசியும்

இத்தோடு முடிந்திருந்தால், எல்லாம் சமையலறைக் கோளாறு என்று நாம் கைகழுவியிருப்போம். மார்கழி மாதம் வேறொரு மில்லின் பாசுமதி வந்தது. இரண்டாவது முறைப்படியே, அதே ஒன்றரை டம்ளர் தண்ணீர் வைத்துச் சமைத்தோம். ஒட்டிக்கொண்டது. தண்ணீரை ஒன்றேகால் டம்ளராகக் குறைத்தோம். சரியாக வந்தது. விசாரித்தால் அது புது அறுவடை.

வடநாட்டில் பாசுமதி நெல் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை அறுவடையாகிறது. அந்தச் சரக்கு உடனே அரைபட்டு வந்தால் புது அரிசி. வைத்திருந்து பழையதான அரிசி இறுகியிருக்கும், அதிகத் தண்ணீர் குடிக்கும், நன்றாக விரியும், கஞ்சியில் மாவு குறைவாகவே கரையும். விலையில் பழைய சரக்கு கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே கொள்முதல் செய்யும்போதே எந்த அறுவடை என்று மண்டியில் கேட்டுக்கொள்ள வேண்டும். புது அரிசியைப் பழைய அரிசி என்று சொல்லி விற்றால், சமையலறையில் ஒரே நாளில் உண்மை தெரிந்துவிடும்.

நம் கடையில் இருப்பது எது?

பாசுமதி என்ற ஒரே பெயரில் பல சரக்குகள் வருகின்றன. பச்சையாக அரைத்தது ஒன்று. ஆவி காட்டிய ஸ்டீம் அரிசி ஒன்று. இது அவ்வளவு எளிதில் ஒடியாது. புழுக்கி எடுத்த செல்லா இன்னொன்று. செல்லாவை ஒரு மணி நேரமாவது ஊற வைக்க வேண்டும். தண்ணீரும் நேரமும் கூடுதலாக வேண்டும். பெரிய அண்டாவில் கிளறினாலும் ஒடியாது என்பதால் ஓட்டல்காரர்களும் சமையல்காரர்களும் விரும்பி வாங்குவது செல்லாவைத்தான். வீட்டுக்காரருக்குச் செல்லாவையும் ஓட்டல்காரருக்குப் பச்சையையும் சொல்லாமல் கொடுத்தால் இருவரும் திரும்பி வருவார்கள்.

ரகத்திலும் வித்தியாசம் உண்டு. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா பாசுமதி 1121 பச்சையாக இருக்கும்போதே 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ளது. வெந்ததும் இரு மடங்குக்கு மேல் நீளும். முழு மணிக்குக் கீழே திபார், துபார், மோங்ரா என்று உடைந்த தரங்கள் படிப்படியாக விலை குறைந்து வருகின்றன. இவை தயிர்சாதத்துக்கும் பாயசத்துக்கும் நல்லவை. விருந்துப் பிரியாணிக்கு உதிரியாக, நீளமாக வர வேண்டும் என்பவரிடம் இவற்றைத் தள்ளிவிடக் கூடாது. திண்டுக்கல் பிரியாணி போல வேண்டும் என்று கேட்பவருக்குச் சீரகச் சம்பாவைக் காட்டுவதே நேர்மை. அது வேறு அரிசி, வேறு சுவை.

சட்டமும் இப்போது இறுகியிருக்கிறது. பாசுமதிக்குப் புவிசார் குறியீடு 2016-ஆம் ஆண்டு நம் சென்னையிலுள்ள பதிவகத்தில்தான் பதிவானது. பஞ்சாப், ஹரியானா, டெல்லி, இமாசலப் பிரதேசம், உத்தரகண்ட் ஆகிய இடங்களிலும், மேற்கு உத்தரப் பிரதேசம், ஜம்முவின் சில மாவட்டங்களிலும் விளைவதற்கே அந்தப் பெயர் உரியது. 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தனி விதிமுறை நடைமுறையில் இருக்கிறது. செயற்கை நிறம், செயற்கை மணம், மெருகூட்டும் பொருள் எதுவும் சேர்க்கக் கூடாது; பிற அரிசிக் கலப்புக்கும் வரம்பு உண்டு. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்கும் நாம், மீந்துபோன வேறு நீள அரிசியை அதே டப்பாவில் கொட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இரண்டு ரகம் கலந்தால் வேகும் நேரமும் இரண்டாகிவிடும்; ஒன்று வேகும் முன் மற்றது குழைந்துவிடும்.

மணம் பாசுமதியின் சிறப்பு. அதைக் காப்பதும் நம் கையில்தான். சோப்பு, பினாயில், ஊதுபத்தி அடுக்கிய இடத்தில் மூட்டையை வைத்தால் அரிசி அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும். தரையில் போடாமல் பலகை மேல் அடுக்கி, சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும்.

ஒரு துண்டுச் சீட்டு

இப்போது நமது கடையில் பாசுமதி வாங்குபவர் பையில் கீழ்க்கண்டவாறு ஒரு துண்டுச் சீட்டைப் போட்டு அனுப்புகிறோம். விரும்பும் உறுப்பினர்கள் அப்படியே அச்சடித்துக் கொள்ளலாம்.

"1. அழுத்திப் பிசையாமல் மூன்று முறை கழுவவும்.
2. அரை மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை முழுவதும் வடிக்கவும்.
3. குக்கரில் ஒரு டம்ளர் பழைய அரிசிக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர். புது அரிசிக்கு ஒன்றேகால். ஒரே விசில்.
4. ஆவி தானாக அடங்கட்டும். கிளறாமல் ஓரத்திலிருந்து தூக்கிவிடவும்.
5. விருந்துக்குச் சமைக்கும் முன் ஒரு டம்ளர் சமைத்துப் பார்க்கவும்.
இந்த அரிசி: பழையது / புதியது."

கடைசி வரியில் பொருந்தாததைப் பேனாவால் அடித்துக் கொடுக்கிறோம். செல்லா வாங்குபவருக்கு இந்தச் சீட்டைப் போடாமல் வாயாலேயே சொல்லி அனுப்புகிறோம்.

முதல் சீட்டு அச்சில் அடித்ததல்ல. சோதனை செய்த மறுநாளே பில் காகிதத்தின் பின்பக்கம் கையால் எழுதி, அரை கிலோ அரிசியோடு அந்த அம்மாள் வீட்டுக்கு நாமே கொண்டுபோனோம். "நீங்க கேட்டப்ப நான் சரியாச் சொல்லலைம்மா, தப்பு என் மேலதான்" என்றோம். அவர் அதிகம் பேசவில்லை. சீட்டை மட்டும் வாங்கிப் படித்தார்.

தை பிறந்ததும் மாதச் சிட்டை வந்தது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், முந்திரி என்று வரிசையாக எழுதி, கடைசி வரியில் பாசுமதி மூன்று கிலோ என்றிருந்தது. பக்கத்திலேயே, "பழைய அரிசியாகப் பார்த்துக் கொடுக்கவும். நிச்சயதார்த்தம்" என்று எழுதியிருந்தார்.

பார்த்துத்தான் கொடுத்தோம். கொடுப்பதற்கு முன் ஒரு டம்ளர் எடுத்து வீட்டில் பொங்கியும் பார்த்தோம்.