ஒரு பஞ்சம், பல சாட்சிகள்

1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 19 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1881-இல் அது சுமார் 16 லட்சம். நடுவில் வந்துபோனது தாது வருடப் பஞ்சம். எத்தனை பேர் குறைந்தார்கள் என்பது இந்த எண்களில் தெரிகிறது. பட்டினியில் செத்தவர் எத்தனை, காலராவில் போனவர் எத்தனை, இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர் எத்தனை என்பது தெரியவில்லை. அதற்கு வேறு சான்றுகளைத் தேடிப் போகவேண்டும்.

அன்றே எழுதியவை

நிகழ்ந்த காலத்திலேயே பதிவானவை முதன்மைச் சான்றுகள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய்த் துறைக் கோப்புகள் இருக்கின்றன. அரசு ஆவணம் என்றால் ஒரே குரலில்தான் பேசும் என்று எண்ணிவிடக் கூடாது. 1877-இல் வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்தவர்களின் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் என்று குறைத்தார். உழைக்கும் உடம்புக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். ஒருவரை மட்டும் படித்தால் பாதி வழக்குதான் தெரியும்.

கோப்புகளுக்கு வெளியிலும் சாட்சிகள் உண்டு. பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி இந்தப் பஞ்சத்தைப் பற்றி 1878-இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நிவாரணக் குழுவின் செயலாளராகவும் இருந்தவர் அவர் என்பதை மனத்தில் வைத்துப் படிக்கவேண்டும். பஞ்சத்தின் கொடுமையை நையாண்டியாகப் பாடிய வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ அச்சேறியது 1899-இல். இறப்புக் கணக்கை அதில் தேடக் கூடாது. ஊர் ஜமீனையும் பஞ்சத்தையும் பற்றி அன்றைய புலவர் என்ன நினைத்தார் என்பதைத் தேடலாம்.

பின்னால் வந்தவை

முதன்மைச் சான்றுகளை அலசி எழுதப்படும் நூல்களும் ஆய்விதழ்க் கட்டுரைகளும் இரண்டாம் நிலைச் சான்றுகள். தேடலை இங்கே தொடங்குவதே நல்லது. இந்தப் பஞ்சத்தில் உழவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று டேவிட் அர்னால்டு 1984-இல் எழுதிய கட்டுரையின் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டால், எந்தக் கோப்பைக் கேட்கவேண்டும் என்பது தெரிந்துவிடும். கூகுள் ஸ்காலரில் அதே கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களைப் பார்த்தால், விவாதம் பிறகு எங்கே போனது என்பதும் தெரியும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்தில் கிடைக்கும். தரம் ஏறியும் இறங்கியும் இருக்கும் என்பதால், முடிவுரையை விட அவற்றின் நூற்பட்டியல்தான் பல சமயம் அதிகம் பயன்படும்.

விக்கிப்பீடியாவில் நுழைந்து பார்ப்பதில் தவறில்லை; அதையே சான்றாகக் காட்டுவதுதான் தவறு. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒரு நூலின் பெயரைச் சொன்னால், அப்படி ஒரு நூல் உண்டா என்று நூலகப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். இல்லாத நூலையும் அது நம்பும்படி சொல்லும். ஆங்கில ஆவணங்களில் தேடும்போது ஊர்ப் பெயர்களின் பழைய எழுத்துக்கூட்டல் அவசியம். டின்னவெல்லி என்று தேடாதவருக்குத் திருநெல்வேலி அகப்படாது.

கிடைத்த ஒவ்வொரு சான்றிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? அவர் கண்ணால் பார்த்தது எவ்வளவு? இவற்றுக்குப் பதில் குறித்து வைக்காமல் ஒரு வரியைக்கூட ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.