சிக்னல் போட்டால் வைப்பர் ஏன் ஆடுகிறது?

செலாயாங்கில் ஒரு பெருமழைக்குப் பிறகு சிலருடைய காடியில் இந்தக் கூத்து நடக்கும்: சிக்னல் போட்டால் வைப்பர் ஆடும், கதவுப் பூட்டு தானே திறக்கும். பேயில்லை.

முன்பு சுவிட்சிலிருந்து விளக்குக்கு நேராகவே கம்பி போனது. இப்போது சுவிட்ச், பிசிஎம் (BCM) என்ற கணினிப் பெட்டிக்குச் சேதி சொல்கிறது. விளக்கு, வைப்பர், பூட்டு எல்லாவற்றையும் அதுதான் இயக்குகிறது. மற்றப் பெட்டிகளோடு அது பேசுவது 'கேன்' முறையில். 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த முறைக்கு, முறுக்கிய இரண்டு கம்பிகள் போதும்.

பெட்டிதான் பழுதா? அவசரப்படாதீர்கள். மழைநீர் புகுந்து எர்த் கம்பி துருப்பிடித்தால் மின்சாரம் வேறு வழி தேடி, சம்பந்தமில்லாத சுற்றுகளில் புகுந்து திரும்பும். அதனால்தான் கூத்து. விளக்கை எரியவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பெட்டியின் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. பல காடிகளில் பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு கேன் கம்பிகளுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வரும். இரு முனைகளிலும் தலா 120 ஓம் தடை இருப்பதால். 120 காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. பியூஸ், சாக்கெட்டில் பச்சைக் களிம்பு, இவற்றையும் பார்த்த பிறகே பெட்டிமேல் சந்தேகம்.

ஹாப் கட் கடையில் கிடைக்கும், வேறு காடியிலிருந்து கழற்றிய பெட்டி மலிவுதான். ஆனால் அது பழைய காடியையே நினைத்துக்கொண்டிருக்கும். சாவியைப் பதிந்து, கோடிங் செய்யாவிட்டால் இன்ஜின்கூட ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

பெட்டியை மாற்றச் சொல்லும் போர்மேனிடம் முதலில் கேளுங்கள்: "அண்ணே, எர்த்தில எத்தனை வோல்ட் காட்டுச்சு?"