ஒளிவட்டு இயக்ககங்களில் நகல் தடுப்பும் சாவி ரத்தும்

ஒளிவட்டில் பதியப்பட்ட திரைப்படத்தை வேறொரு வட்டிலோ கணினியிலோ படியெடுக்க விடாமல் செய்யும் தொழில்நுட்ப ஏற்பாடு நகல் தடுப்பு எனப்படும். டிவிடி, புளூ-ரே வட்டுகளில் வணிகமுறையில் வெளியாகும் படங்கள் பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்பட்டே பதியப்படுகின்றன. அதைத் திறக்கும் சாவி, உரிமம் பெற்ற பிளேயர்களிலும் மென்பொருள்களிலும் மட்டும் இருக்கும். சாவி என்பது இங்கே ஒரு நீண்ட எண். அந்த எண் வெளியே கசிந்துவிட்டால், அது இனிச் செல்லாது என்று ஆக்குவதே சாவி ரத்து. சாவியைக் கசியவிட்டவரை இந்த நடவடிக்கை பெரும்பாலும் எட்டுவதில்லை. அதன் விளைவு தெரிவது, காசு கொடுத்து வட்டு வாங்கியவர் வீட்டில்தான்.

விசிடி காலம்

தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக நுழைந்த முதல் பட வட்டு விசிடி. 1993இல் வகுக்கப்பட்ட இதில் மறையாக்கம் எதுவும் கிடையாது. கணினியில் இட்டுக் கோப்பைப் படியெடுத்தால் நகல் தயார். 'திருட்டு விசிடி' என்ற சொல் அன்றாடப் பேச்சில் கலந்தது இக்காலத்தில்தான். 1982ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் திருட்டு வீடியோ தொழில் செய்வோரும் 2004இல் கொண்டுவரப்பட்டனர். மோசர் பேயர் நிறுவனம் வேறு வழியில் சென்றது. 2007 வாக்கில் தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்று, விலையைத் திருட்டு வட்டின் அருகே இறக்கியது. புதுப் படங்களின் திருட்டு நகல்களில் பல, திரையரங்கில் கேமரா வைத்து எடுக்கப்பட்டவை. வட்டில் எத்தனை பூட்டுப் போட்டாலும் அவற்றைத் தடுத்திருக்க முடியாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

டிவிடியின் பூட்டு

1996இல் வந்த டிவிடிக்கு சிஎஸ்எஸ் என்ற மறையாக்க முறை தரப்பட்டது. இதன் சாவி 40 பிட் நீளமே கொண்டது. ஒவ்வொரு பிளேயர் தயாரிப்பாளருக்கும் தனிச் சாவி வழங்கப்பட்டது. வட்டைத் திறக்கும் எண், இத்தகைய 409 சாவிகளில் ஒவ்வொன்றாலும் தனித்தனியே பூட்டப்பட்டு, அத்தனை பிரதிகளும் வட்டிலேயே வைக்கப்பட்டன. ஒரு சாவி கசிந்தால், அடுத்து அச்சிடும் வட்டுகளில் அதற்குரிய பிரதியை விட்டுவிட்டால் போதும் என்பது திட்டம்.

1999 அக்டோபரில் டீசிஎஸ்எஸ் என்ற சிறு மென்பொருள் வெளியானது. அதோடு பெயர் இணைந்தவர் நார்வேயைச் சேர்ந்த 15 வயது யோன் லெக் யோகான்சன். சிங் என்ற நிறுவனத்தின் டிவிடி மென்பொருளில் சாவி சரியாக மறைக்கப்படாமல் இருந்ததே தொடக்கம். அந்த ஒரு சாவியை ரத்து செய்திருக்கலாம். ஆனால் சிஎஸ்எஸ் கணக்கு வலுவற்றது என்பதால் மற்றச் சாவிகளையும் கணித்துவிட முடியும் என்று சில வாரங்களுக்குள் தெரிந்துபோனது. எல்லாச் சாவிகளையும் ரத்து செய்தால் உலகில் உள்ள எந்த டிவிடி பிளேயரிலும் புதுப் படம் ஓடாது. ஆகவே ரத்து என்ற ஏற்பாடு இருந்தும் பயன்படவில்லை. யோகான்சனை நார்வே நீதிமன்றம் 2003இல் விடுவித்தது. அவர் திறந்தது சொந்தமாக வாங்கிய வட்டை என்பது தீர்ப்பில் முக்கியமாக இருந்தது.

மறையாக்கத்தோடு வந்த இன்னொரு தடை வட்டார எண். இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டன் 2, கனடா 1. சென்னையிலிருந்து டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் கொண்டுசெல்லும் எண் 5 வட்டு, அங்கே வாங்கிய பிளேயரில் ஓடாமல் போகலாம். 2000 முதல் வந்த கணினி டிரைவ்களில் இந்த எண் டிரைவுக்குள்ளேயே பதிவாகிறது. பயனர் அதை 5 முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை வைத்ததே நிலைத்துவிடும்.

புளூ-ரே: வட்டு கொண்டுவரும் பட்டியல்

2006இல் விற்பனைக்கு வந்த புளூ-ரே, எச்டி டிவிடி ஆகிய இரண்டிலும் ஏஏசிஎஸ் என்ற முறை அமைந்தது. இதன் சாவி 128 பிட். முன்போல் முழு வரிசையையும் வட்டில் அடுக்காமல், சாவிகளைக் கிளை பிரியும் மரம்போல் அமைத்து, கசிந்த கருவியை மட்டும் வெட்டிவிட வழி செய்தனர். கணினியில் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. படம் ஓட்டும் மென்பொருள் தன் சான்றிதழை டிரைவிடம் காட்ட வேண்டும். டிரைவும் தன்னுடையதைக் காட்ட வேண்டும்.

மூங்கில்துறைப்பட்டில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலை போன்ற ஓர் ஆலையின் வாயிலை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே வருபவர் அட்டையைக் காவலரிடம் காட்ட வேண்டும். ரத்தான அட்டைகளின் பட்டியல் தபாலில் வருவதில்லை, ஒவ்வொரு கரும்பு வண்டியோடும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்த பட்டியல் தம்மிடம் இருப்பதைவிடப் புதியதென்றால், காவலர் பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டிவைக்கிறார். காவலர்தான் டிரைவ், அட்டையோடு வருபவர் மென்பொருள், வண்டி புளூ-ரே வட்டு. பட்டியலை டிரைவ் தன் நிலைநினைவகத்தில் எழுதிக்கொள்கிறது. வட்டை வெளியே எடுத்தாலும் அது அழியாது.

இதனால் விளைவது பலருக்குப் புரியாத ஒன்று. ரத்தான பழைய மென்பொருளை வைத்திருப்பவர் ஒரு புதுப்பட வட்டை ஒருமுறை டிரைவில் இட்டாலே போதும். அன்றிலிருந்து அந்த மென்பொருளை டிரைவ் ஏற்காது. நேற்றுவரை ஓடிய பழைய வட்டும் அதில் ஓடாது. வட்டு கெட்டுவிட்டது என்றோ டிரைவின் லென்ஸ் போய்விட்டது என்றோ நினைத்துத் துடைத்துப் பார்ப்பதே வழக்கம். ரத்து வருவதற்கு இணையம் தேவையில்லை. அது வட்டிலேயே வந்துவிடும். ஆனால் தீர்வான புதிய பதிப்பைப் பெற இணையம் வேண்டும், மென்பொருள் நிறுவனமும் அதை இன்னும் வெளியிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இது நடந்தும் இருக்கிறது. 2006 டிசம்பரிலேயே ஏஏசிஎஸ் வட்டுகள் திறக்கப்படத் தொடங்கின. 2007 பிப்ரவரியில் அப்போதிருந்த வட்டுகள் பலவற்றையும் திறக்கும் ஒரு சாவி வெளியானது. ஏப்ரலில் வின்டிவிடி மென்பொருளை வைத்திருந்தவர்கள் அனைவரும் புதிய பதிப்புக்கு மாற வேண்டியதாயிற்று. மாறாவிட்டால் புது வட்டுகள் ஓடாது. அத்தனை பேரையும் அலைக்கழித்து மே மாதம் வந்த புதுச் சாவி வட்டுகளும் அதே மாதத்தில் திறக்கப்பட்டன.

இந்தியச் சட்டம்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் 65ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நோக்கம் என்ற சொல் இதில் கவனிக்கத்தக்கது; அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகப் பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. மறையாக்க ஆய்வு, பாதுகாப்புச் சோதனை போன்றவற்றுக்கு இந்தியச் சட்டம் விலக்கும் தருகிறது. வட்டு வாங்கும் மக்களின் பக்கமிருந்து பார்த்தால் இந்தியச் சட்டமே நியாயமானது.

4கே புளூ-ரே வட்டுகளைக் கணினியில் ஓட்ட, இன்டெல் செயலிகளில் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு கட்டாயமாக இருந்தது. 11ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் தன் சாதாரணக் கணினிச் செயலிகளில் அதைக் கைவிட்டது. எந்தச் சாவியும் ரத்தாகவில்லை, எதுவும் கசியவுமில்லை. ஆனால் அவ்வகைப் புதுக் கணினி வாங்கியவர்களால் அந்த வட்டுகளை உரிமம் பெற்ற மென்பொருளில் பார்க்க முடியாமல் போனது.