உடற்பயிற்சிக்குத் துணையாகும் இசை

காலை வேளையில் நம் நகரப் பூங்காக்களில் நடைப்பயிற்சி செய்வோரைக் கவனித்தால், அவர்களுள் பலர் இயர்போனில் பாட்டுக் கேட்டவாறே நடப்பதைக் காணலாம். உடற்பயிற்சிக் கூடங்களிலோ இசை ஒலிக்காத இடமே அரிது. இசை கேட்டுக்கொண்டு பயிற்சி செய்தால் களைப்புத் தெரிவதில்லை என்று இவர்கள் கூறுவர். அது உண்மையே. ஆயினும் களைப்புத் தெரியாமலிருப்பது வேறு. களைப்பே இல்லாமலிருப்பது வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்துகொண்டால்தான் இசையின் பயனை முழுமையாகப் பெறவும், அதனால் நேரக்கூடிய தீங்கைத் தவிர்க்கவும் நம்மால் இயலும்.

உழைப்பையும் இசையையும் இணைப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. நாற்று நடுவோரும் ஏற்றம் இறைப்போரும் பாடிக்கொண்டே பணிபுரிந்தனர். மகாராஷ்டிரத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை சுமார் 250 கிலோமீட்டர் தொலைவை ஆண்டுதோறும் பெருந்திரளான பக்தர்கள் கால்நடையாகவே கடக்கின்றனர். முதியோரும் அடங்கிய அக்கூட்டம், மிருதங்கமும் கைத்தாளமும் முழங்க அபங்கங்களைப் பாடியவாறே நடக்கிறது. நடையின் சுமையைத் தாளம் எவ்வளவு குறைக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருக்கின்றனர்.

ஆய்வுகள் கூறுவன

இதனை எண்களால் அளந்து பார்க்கும் முயற்சி 1911ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. நியூயார்க்கில் நடைபெற்ற ஆறு நாள் மிதிவண்டிப் பந்தயத்தை லியோனார்டு ஏர்ஸ் என்னும் அமெரிக்கர் ஆராய்ந்தார். வாத்தியக் குழு இசைக்காத நேரத்தில் மணிக்குச் சுமார் 29 கிலோமீட்டராக இருந்த வீரர்களின் சராசரி வேகம், இசை ஒலித்தபோது சுமார் 31.5 கிலோமீட்டராக உயர்ந்ததை அவர் கண்டார். பார்வையாளர்களின் ஆரவாரமும் அந்த வேகத்திற்குத் துணைபுரிந்திருக்கக்கூடும். எனினும், பின்னர் வந்த ஆய்வுகளும் இசையின் பங்கை உறுதிசெய்துள்ளன.

2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை நடந்த 139 ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்தது. இசையால் பயிற்சி இனிமையாகிறது, செயல்திறன் ஓரளவு கூடுகிறது, உழைப்பு எளிதாகத் தோன்றுகிறது என்பன அதன் முடிவுகள். ஆனால் இதயத் துடிப்பின் வேகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. சுமை குறைந்ததாக மனம் உணர்கிறது. இதயமோ தன் வேலையை முன்போலவே செய்துகொண்டிருக்கிறது.

வங்கியில் பணிபுரியும் எங்களுக்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றுகிறது. கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதைத் தெரிவிக்கும் குறுஞ்செய்தி வரத் தாமதமாகலாம். ஆனால் இருப்புத் தொகை அந்த நொடியே குறைந்துவிடுகிறது. இசை தாமதப்படுத்துவது செய்தியை மட்டுமே.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

பயிற்சியின்போது தசைகளும் நுரையீரலும் தம் களைப்பை மூளைக்கு அறிவித்தவண்ணம் இருக்கின்றன. ஒரே நேரத்தில் மூளை கவனிக்கக்கூடியவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. இசை அக்கவனத்தின் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்வதால் களைப்பின் குரல் மங்கலாகவே கேட்கிறது. மிதமான பயிற்சிக்கே இது பொருந்தும். மூச்சிரைக்க ஓடும் நிலையில் உடலின் அறிவிப்புகள் மேலோங்கிவிடும். அப்போது இசையால் அவற்றை மறைக்க இயலாது.

இரண்டாவது காரணம் தாளம். ஒலியை உணரும் மூளைப் பகுதிகளும் அசைவுகளை இயக்கும் பகுதிகளும் நெருங்கிய தொடர்புடையவை. ஆகவே தாளத்தைக் கேட்டதும் கால்கள் தாமே அதனுடன் இசைந்து நடக்க முற்படுகின்றன. அடிகள் சீராக விழும்போது ஆற்றல் வீணாவது குறைகிறது. இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வில், இசையின் தாளத்திற்கு ஏற்ப மிதிவண்டி மிதித்தவர்கள், தம் மிதிப்பைவிட மெதுவான இசையைக் கேட்டு மிதித்தபோது தேவைப்பட்டதைக் காட்டிலும் ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவான ஆக்சிஜனையே பயன்படுத்தினர்.

எந்த வேகத்தில் இசை?

பயிற்சிக்கு நிமிடத்திற்கு 120 முதல் 140 தட்டுகள் கொண்ட இசை பெரும்பாலோருக்கு ஏற்றது என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்து. 120 என்பது இராணுவ அணிவகுப்பின் விரைவு நடைக்கு ஏறக்குறைய இணையான வேகம். நடைப்பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவோரும் முதியோரும் இதனினும் மெதுவான பாடல்களைத் தேர்ந்தெடுப்பது நன்று. நம் நடைக்கு ஏற்பப் பாட்டைத் தெரிவு செய்ய வேண்டுமேயன்றி, பாட்டின் வேகத்திற்காக நடையை வருத்துதல் கூடாது.

பயிற்சி முடிந்தவுடன் இசையின் வேகத்தையும் தணிக்க வேண்டும். இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழுவினரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு, ஓய்வாக இருந்தோர்க்குப் பலவகை இசையைக் கேட்கச் செய்து அவர்களின் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தது. அவ்விசை வகைகளுள் இந்திய இராகமும் ஒன்று. விரைவான இசை மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தியது. மிகுந்த அமைதியைத் தந்ததோ, இடையே விடப்பட்ட இரண்டு நிமிட மௌனம். எனவே பயிற்சியின் நிறைவில் இசையை நிறுத்திச் சற்று நேரம் அமைதியாக நடப்பது நல்லது.

கவனிக்க வேண்டிய அபாயங்கள்

களைப்பை மறைக்கும் இசை, உடலின் எச்சரிக்கையையும் மறைக்கக்கூடும். இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் மருந்து உட்கொள்வோர் இதனைச் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் இதயத் துடிப்பின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. ஆகவே இவர்கள் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி உழைப்பின் அளவைக் கணிக்க இயலாது. உடல் உணரும் களைப்பே இவர்களுக்குரிய முதன்மை அளவுகோல். அதனை இசையில் இழந்துவிடலாகாது.

இதற்கு எளியதொரு சோதனை உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாட்டை நிறுத்திவிட்டு ஓரிரு வாக்கியங்கள் பேசிப் பார்க்க வேண்டும். பேச முடிந்து, பாட முடியாதிருந்தால் அது மிதமான பயிற்சி. பேசவே மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ, தலைச்சுற்றலோ, தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலியோ தோன்றினால் உடனே பயிற்சியை நிறுத்தி மருத்துவ உதவியை நாட வேண்டும்; பாடல் முடியட்டும் என்று காத்திருத்தல் தகாது.

செவிகளையும் காக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபலாயின் நான்கு மணி நேரமே பாதுகாப்பானது. ஒலி சிறிதளவு கூடினாலும் செவி தாங்கும் நேரம் வெகுவாகச் சுருங்குகிறது. கைபேசியின் ஒலியளவை உச்ச அளவில் 60 விழுக்காட்டிற்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. சாலையோரம் நடப்போர் இரு காதுகளையும் அடைத்துக்கொள்வதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். வாகனத்தின் ஒலி காதில் விழாத நடை, நலத்திற்கான நடையாகாது.

பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான பயிற்சி செய்ய வேண்டும் என்பதும் அந்நிறுவனத்தின் பரிந்துரையே. நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாட்கள் என்றால் கணக்கு நிறைவாகிவிடும். மாதந்தோறும் தவறாமல் செலுத்தும் தொடர் வைப்பைப் போல, சிறிதாயினும் இடைவிடாது செய்யும் பயிற்சியே நிலைத்த பயன் தரும். பலர் சில வாரங்களிலேயே கைவிட்டுவிடும் இப்பழக்கத்தை விரும்பித் தொடரச் செய்வதே இசையின் பெரிய உதவி. விருப்பமான பாடல்களோடு நடப்போம். அவ்வப்போது அவற்றை நிறுத்தி, நம் உடல் சொல்வதையும் கேட்போம்.