இரு அட்டைகளுக்கு ஒரே எண்

விண்டோஸ் 98 இருந்த காலத்தில் எங்கள் பள்ளிக் கணினி ஒன்றில் பாடக் குறுந்தகட்டைப் போட்டு ஒலி எழுந்ததுமே வலையமைப்பு இணைப்பு அறுந்துவிடும். மதர்போர்டு பழுது என்றார் பார்க்க வந்தவர். கழிவுப் பட்டியலிலும் எழுதிவிட்டோம்.

உண்மையில் எந்தப் பாகமும் பழுதில்லை. அட்டை ஒவ்வொன்றும் செயலியின் கவனத்தை அழைக்க ஓர் எண் வேண்டும். அதை ஐஆர்க்யூ என்பர். அன்று 0 முதல் 15 வரைதான் இருந்தன. கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1, வன்தட்டுக்கு 14 எனப் பல முன்பே போய்விட்டிருந்தன. பிசிஐ அட்டைகள் எண்ணைப் பகிர்ந்துகொள்ளும். பழைய ஐஎஸ்ஏ அட்டைகள் பொதுவாகப் பகிராது. எங்கள் ஒலி அட்டை, வலையமைப்பு அட்டை இரண்டுக்கும் 5. வருகைப் பதிவேட்டில் இருவருக்கு ஒரே எண் தந்தால், ‘உள்ளேன் ஐயா’ என்றது யாரென்று எப்படித் தெரியும்?

விண்டோஸ் 98-இன் டிவைஸ் மேனேஜரில் மேலே உள்ள ‘கம்ப்யூட்டர்’ என்பதை இருமுறை சொடுக்கினால் எந்த எண் எதனிடம் என்று தெரியும். 10 காலியாக இருந்தது. ஒலி அட்டையை நான் தொடவில்லை; பழைய டாஸ் பாடநிரல்கள் பல அதை 5-இல்தான் தேடும். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வலையமைப்பு அட்டையின் ஜம்பரை 10-க்கு மாற்றினேன். அப்போதும் இணைப்பு வரவில்லை! விண்டோஸ் அமைப்பில் 5 அப்படியே இருந்தது. ஜம்பர், அமைப்பு இரண்டையும் மாற்ற வேண்டும் என்பது உறைக்க ஒரு முற்பகல் போயிற்று.

மறுநாள் ஒலியும் வந்தது, இணைப்பும் நின்றது. கழிவுப் பட்டியலில் அந்த வரியை அடித்துச் சுருக்கொப்பமிட்டேன்.